டிரம்முக்கு எதுகை

"மூணும் நல்லாத்தான் இருக்குது. எதை எடுக்கறது மேஸ்திரி?"

கேட்டவர் செங்கோடன், லாரி டிரைவர்கள் சங்கத்தின் தலைவர். தோளில் சுமந்து வந்த சாக்குப்பையைத் தரையில் கவிழ்த்தார். புத்தம் புதிய பிரேக் கட்டைகள் மூன்று பிறை பிறையாக உருண்டு விழுந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல்.

பதில் சொல்ல வேண்டியவள் பாவாயி. சங்ககிரி புறவழிச்சாலையில் லாரி பிரேக் கட்டைகளுக்கு மேல்பட்டையான லைனிங் அடிக்கும் பட்டறை வைத்திருப்பவள். அவள் நிமிரவே இல்லை. யாருடைய கட்டையிலிருந்தோ தேய்ந்த லைனிங்கை உளி வைத்துப் பெயர்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்து என்ன பண்ணப் போறீங்க?"

"நாளைக்குக் காலையில முதலாளி மேசையில ஒண்ணை வெக்கோணும். நாப்பது வண்டிக்கும் அதேதான் மாட்டுவாங்களாம்."

"அவரு வண்டி. அவரே எடுக்கலாமே."

"சங்கமே எடுக்கட்டும்னு சொல்லிட்டாரு."

உளி நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அட! எப்பருந்துங்ணா அவ்வளவு நல்லவரு ஆனாரு?"

வயதில் செங்கோடன் மூத்தவர், அதனால் அவள் அவரை அண்ணா என்பாள். முதலாளி முன்னால் கை கூப்பாமல் நிற்கலாம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். அதனால் அவர் அவளை மேஸ்திரி என்பார். இரண்டு சங்கங்கள் அவளை வெளியே தள்ளின. தலைவர் ஏன் முதலாளி காரில் வந்து இறங்குகிறார் என்று இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். மூன்றாவது சங்கம் அவளைச் சேர்த்துக்கொள்ளவே பயந்தது.

"சிரிக்காதீங்க மேஸ்திரி. ஒரு மாசம் கத்தினோம். இப்பத்தான் எறங்கி வந்திருக்காரு."

"எறங்கறது சுலபம். நிக்கறதுதான் கஷ்டம். லாரிக்காரருக்கு நான் சொல்லோணுமா?"



போன மாதம் சங்கத்து டிரைவர் அய்யந்துரை தொப்பூர் கணவாயில் இறங்கினான். வண்டி நிறைய இரும்பு. பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் ஒரு பஸ். அய்யந்துரை ஸ்டியரிங்கை ஒடித்து, பாறையில் போய் மோதினான். பின்னால் என்ன நடந்தது என்று தெரியாமலே அந்த பஸ் சேலம் போய்ச் சேர்ந்தது. அய்யந்துரை வீடு போய்ச் சேரவில்லை.

டிரைவர் தூங்கிவிட்டான் என்று ஆபீசில் சொன்னார்கள். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல மாட்டான் அல்லவா?

அன்றைக்குத்தான் செங்கோடன் கோஷம் எழுதினார். ஒரே மூச்சில் எழுதியது.

*சட்டை வெள்ளை! கட்டை இல்லை!*

வெள்ளைச் சட்டை தவிர வேறு போடாத முதலாளிக்கு அது எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. பேக்கரிக்காரன், பஞ்சர் கடைக்காரன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று சங்ககிரியில் அதைச் சொல்லாத வாய் இல்லை. முதலாளி காரில் போனால் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவள்கூட, "சட்டை வெள்ளை" என்று ஆரம்பித்து, மீதியை விழுங்கிக்கொண்டு சிரிப்பாள்.

முந்தைய நாள் முதலாளி செங்கோடனை அறைக்குள் அழைத்தார். எப்போதும் நின்றுகொண்டே பேசிய அந்த அறையில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். கை வைத்த நாற்காலி. பீங்கான் கோப்பையில் டீ வந்தது.

"உங்க கோரிக்கை நியாயமானது" என்றார் முதலாளி. "மூணு தினுசுக் கட்டை வரவழைச்சிருக்கேன். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. வண்டிக்கு வண்டி கதவுல எழுதி வெச்சிரலாம், சங்கம் தேர்ந்தெடுத்த பிரேக்னு."

நாற்காலி மெத்தென்று இருந்தது. அதைச் செங்கோடன் பாவாயியிடம் சொல்லவில்லை.

"உங்களுக்கு எது புடிச்சிருக்குது?" என்று கேட்டாள் பாவாயி.

"சாம்பல். கல்லு மாதிரி இருக்குது. லேசுல தேயாதாம். சத்தமே வராதாம்."

"சத்தம் வராதா?"

"கிறீச்சுங்காது. முதலாளிக்கே அதுதான் ரொம்பப் புடிச்சிருக்குது."

"புடிக்காம இருக்குமா?"

அவள் எழுந்தாள். உடைந்த ஹெட்லைட் கண்ணாடிச் சில்லு ஒன்றைக் குப்பையிலிருந்து பொறுக்கி அவர் கையில் கொடுத்தாள். பட்டறையின் இரும்புக் கதவைக் காட்டினாள்.

"சங்கம்னு எழுதுங்க."

செங்கோடன் எழுதினார். கண்ணாடி வழுக்கியது. அழுத்தினார். பல் கூசியது. கதவில் பூசிய பெயின்ட் கீறிக்கொண்டு வந்தது, எழுத்து வரவில்லை.

"இது எங்க எழுதுது? கீறுது."

அவள் சில்லை வாங்கிப் பார்த்தாள்.

"ஆனா தேயலை பாருங்க. அப்படியே இருக்குது."

அப்புறம் ஒரு சாக்பீஸைக் கொடுத்தாள். செங்கோடன் எழுதினார். சங்கம் என்று பட்டையாக விழுந்தது. சாக்பீஸ் பாதி தீர்ந்திருந்தது. விரலெல்லாம் வெள்ளை மாவு.

அவர் விரலைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். தரையில் கிடந்த சாம்பல் நிறக் கட்டையைக் காலால் ஒதுக்கித் தள்ளினார்.

"தேயறதுதான் புடிக்கும்."

பாவாயி மறுபடி உளியை எடுத்தாள்.

"அப்ப சிவப்புத்தான். மெத்துனு இருக்குது. தேயும், ஆனா புடிக்கும்." செங்கோடனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வந்த வேலை முடிஞ்சுது. வர்றேன் மேஸ்திரி."

"எதுல புடிக்கும்?"

"என்னுங்க?"

"சாக்பீஸ் கதவுல புடிச்சுது. கட்டை எதுல புடிக்கும்?"

"டிரம்முலதான்."

"டிரம் எங்க?"

"டிரம்மைப் பத்திப் பேச்சே இல்லீங்களே. இருக்கற டிரம்மையே லேத்துல இன்னொரு கடைசல் பிடிச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"கொண்டாங்க. பாக்கலாம்."

"மேஸ்திரி, அது ஆள் கனம் கனக்கும்."

"கட்டையைத் தோள்ல சுமந்துட்டு வந்தீங்க. டிரம்மை உருட்டிட்டு வாங்க."

மத்தியானம் சரக்கு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. செங்கோடனும் ஆட்டோக்காரரும் டிரம்மை இறக்கினார்கள். லாரிச் சக்கரத்துக்குள் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புச் சட்டி அது. பிரேக்கை மிதித்தால் கட்டைகள் இரண்டும் உள்ளேயிருந்து விரிந்து அதன் சுவரைப் பிடிக்கும். முதலாளியின் லாரி ஷெட்டில் பிரித்துப் போட்டிருந்த வண்டியிலிருந்து கொண்டு வந்திருந்தார்.

செங்கோடன் சுத்தியலை எடுத்து அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினார். கோயில் மணிபோல் கணீரென்றது.

"கேட்டீங்களா? ஒரு வெடிப்பு இல்லை. எப்படிப் பாடுது பாருங்க."

"பாடும். உள்ள ஒண்ணுமே இல்லாட்டியும் நல்லாப் பாடும். நம்ம தலைவருக மாதிரி."

"என்னையும் சேர்த்துத்தானே?"

"இன்னும் சேக்கலை. சிவப்புக் கட்டையை உள்ள வெய்ங்க."

வைத்தார். டிரம்மின் வளைவும் கட்டையின் வளைவும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டின. இரண்டு ஓரமும் ஒட்டவில்லை. கட்டையைத் திருப்பி வைத்தார். தட்டினார். அழுத்தினார். ஒட்டவில்லை.

"பையில என்ன காயிதம் வெச்சிருக்கீங்க?"

சட்டைப் பையில் அந்தக் கோஷத் துண்டறிக்கை இருந்தது. அவர் எழுதியது, அவர் அச்சடித்தது, அவரே பஸ் ஸ்டாண்டில் நின்று கொடுத்தது. பாவாயி அதை வாங்கி, ஓரத்தில் கட்டைக்கும் டிரம்முக்கும் இடையில் விட்டாள். வழுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்தது. இரண்டாக மடித்து விட்டாள். விழுந்தது. நாலாக மடித்து விட்டாள். அப்போதும் விழுந்தது.

செங்கோடன் குனிந்து அதை எடுத்துத் தூசி தட்டினார்.

"புதுக் கட்டைதானே மேஸ்திரி? ஏன் சேர மாட்டேங்குது?"

"கட்டை புதுசு. டிரம்மைக் கடைஞ்சு கடைஞ்சு உள்வாயை அகலமாக்கிட்டாங்க. இன்னும் கடைஞ்சா இன்னும் அகலும். இறக்கத்துல சூடேறுனா அதுக்கு மேலயும் விரியும்."

"விரிஞ்சா?"

"கட்டை கையை நீட்டும். எட்டாது."

ரோட்டில் ஒரு டேங்கர் போனது. செங்கோடன் அதன் சக்கரங்களையே பார்த்தார்.

"அய்யந்துரை வண்டியில கட்டை பழசா, புதுசா?" என்று கேட்டாள் பாவாயி.

"புதுசு. அந்த வாரந்தான் மாத்துனாங்க. கட்டைதான் மட்டமான சரக்குன்னு நெனச்சோம். அதுக்குத்தான் நல்ல கட்டை கேட்டோம்."

"கட்டை கேட்டீங்க."

"ஆமா."

"கட்டை குடுத்துட்டாரு."

"மேஸ்திரி..."

"துண்டறிக்கையில எங்கியாவது டிரம்முனு ஒரு வார்த்தை இருக்குதா?"

செங்கோடன் பிரித்துப் பார்க்கவில்லை. அவருக்கு அது மனப்பாடம்.

"ஏனுங்ணா, சட்டைக்குக் கட்டை கெடச்சுது. டிரம்முக்கு எதுகை கெடைக்கலியாக்கும்?"

வாடகைக்காகக் காத்துக்கொண்டு நின்ற ஆட்டோக்காரர் குபீரென்று சிரித்துவிட்டார். செங்கோடன் அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். அவர் போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார்.

தடியடிக்கு அசையாதவர் செங்கோடன். சிறைக்குப் போய்ச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தவர். அவருக்கு இப்போது காது சிவந்தது.

"சரி, தப்புத்தான். வாய்க்கு நல்லா வந்துதுன்னு எழுதிட்டேன். ஆனா டிரம்மு புதுசு அவரு தர மாட்டாரு மேஸ்திரி. நாப்பது வண்டிக்குத் தரவே மாட்டாரு. வேணாம்னு நான் திரும்புனா, சங்கம் பிரேக் வேணாங்குதுன்னு ஊரெல்லாம் சொல்லுவாரு. ஒரு மாசம் கத்துன பசங்க என் மூஞ்சியில துப்புவாங்க. இருக்கற டிரம்முக்கு இந்த மூணுல எது கொஞ்சம் பரவால்லை? அதையாவது சொல்லுங்க."

பாவாயி கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

"கெடா வெட்டறதுக்கு முன்னால என்ன பண்ணுவாங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்கண்ணா."

"மஞ்சத்தண்ணி தெளிப்பாங்க. கெடா ஒடம்பைச் சிலுப்பித் தலையை உதறும். உதறுனா சாமி சம்மதிச்சுதுன்னு அர்த்தம். அப்புறம் வெட்டுவாங்க."

"உதறலைன்னா?"

"இன்னொரு சொம்பு ஊத்துவாங்க."

"முதலாளி உங்களுக்கு எதை ஊத்துனாரு?"

செங்கோடன் துண்டறிக்கையைப் பைக்குள் வைத்தார்.

"டீ" என்றார்.

"எந்தக் கத்தியால வெட்டட்டும்னு கெடாவைக் கேக்கற மொதல் ஆளு அவருதான். பெரிய மனசு."

செங்கோடன் மூன்று கட்டைகளையும் பார்த்துக்கொண்டே நின்றார். சிவப்பு, கறுப்பு, சாம்பல். காலையில் மூன்றும் நன்றாகத்தான் இருந்தன.

"நாளைக்கு வண்டி எங்க போகுது?" என்றாள் பாவாயி.

"வடக்க. போறப்ப தொப்பூர்ல ஏத்தம். வரப்பத்தான் இறக்கம்."

"சிவப்புக் கட்டை மாட்டி, இந்த டிரம்மோட, மொத வண்டி. லோடு ஏத்திட்டு வரப்ப நீங்க ஓட்டுவீங்களா?"

செங்கோடன் யோசிக்கவே இல்லை.

"நான் ஓட்ட மாட்டேன்."

"அதைப் போய்ச் சொல்லுங்க."

"முதலாளிகிட்டயா?"

"ஓட்டறவங்ககிட்ட."

விடிந்ததும் ஷெட்டில் பிரித்துப் போட்ட வண்டி தவிர மற்ற எல்லா வண்டிகளும் என்ஜின் ஓடிச் சூடேறிக்கொண்டிருந்தன. காது அடைக்கும் இரைச்சல். டிரைவர்கள் டீக் கிளாசோடு கூடி நின்றார்கள். அன்றைக்குப் புதுக் கட்டை மாட்டப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

"தலைவரே, எது? சிவப்பா, கறுப்பா?" என்று கத்தினார் காளியப்பன். அய்யந்துரைக்கு மாமன் முறை. ஷெட்டில் அவருக்கு இருக்கும் வாய் வேறு யாருக்கும் கிடையாது.

"நான் ஓட்ட மாட்டேன்" என்றார் செங்கோடன்.

"உங்களை யாருங்க ஓட்டக் கூப்பிட்டா? நீங்க தலைவரானதுல இருந்து மைக்கைத்தானே புடிச்சிருக்கீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். செங்கோடன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு, திருப்பிக் கொண்டு வந்திருந்த டிரம்மை நடுவில் உருட்டி விட்டார். சிவப்புக் கட்டையை எடுத்துக் காளியப்பன் கையில் கொடுத்தார்.

"வெச்சுப் பாரு."

காளியப்பன் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். செங்கோடன் துண்டறிக்கையை நாலாக மடித்து நீட்டினார். காளியப்பன் அதை உள்ளே விட்டார். அது கீழே விழுந்தது.

"அய்யந்துரைக்கும் புதுக் கட்டைதான்" என்றார் செங்கோடன்.

சிரித்த முகங்கள் மாறின. கிளாசைக் கீழே வைக்க மறந்து நின்றார்கள்.

"ஒரு மாசமா உங்களைத் தப்பாக் கத்த வெச்சிட்டேன். மூணுல ஒண்ணை எடுத்துக் குடுத்தா வேலை முடிஞ்சுது, சங்கத்துப் பேரை வண்டிக் கதவுல எழுதுவாங்க. இதைப் போட்ட வண்டியை நான் ஓட்ட மாட்டேன். உங்களை ஓட்டச் சொல்லவும் மாட்டேன். உங்க இஷ்டம்."

"கோஷம் என்னுங்க தலைவரே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"கோஷம் இல்லை."

காளியப்பன் குனிந்தபடியே டிரம்மின் உள்சுவரை உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவினார். எழுந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் தன் வண்டியைப் பார்த்து நடந்தார்.

செங்கோடன் சாக்குப்பையை எடுத்துக்கொண்டு ஆபீஸ் மாடிப்படி ஏறினார்.

"வாங்க வாங்க, தலைவர்!" என்று முதலாளி நாற்காலியைக் காட்டினார்.

செங்கோடன் உட்காரவில்லை.

"டீ சொல்லட்டுமா?"

"வேண்டாமுங்க."

பையை மேசையின் கண்ணாடிமேல் கவிழ்த்தார். மூன்றும் தடதடவென்று விழுந்தன. முதலாளி கண்ணாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கீறல் இல்லை.

"சரி, எது?"

"எதுவும் இல்லீங்க. டிரம் வேணும். நாப்பது வண்டிக்கும் புதுசு. அதுக்கப்புறம் கட்டை பாக்கலாம்."

முதலாளி சிரித்தார். நல்ல சிரிப்பு, பல்வரிசை தெரிய.

"என்னங்க இது? ஒரு மாசம் கட்டை கட்டைன்னு ஊரைக் கூட்டினது யாரு? என் சட்டையைக்கூட விடலை நீங்க. கேட்டதைக் கொடுத்தா, வேற கேக்கறீங்களே."

"தப்பாக் கேட்டுட்டோமுங்க. இப்பச் சரியாக் கேக்கறோம்."

"டிரம்முக்கு என்ன கேடு? இரும்புதானே? இன்னும் ஒரு கடைசல் தாங்கும்."

"அய்யந்துரை தாங்கலீங்க."

முதலாளியின் சிரிப்பு நின்றது.

"அவன் தூங்கிட்டான்."

"அவன் தூங்கியிருந்தா பஸ்ஸுல மோதியிருப்பானுங்க. பாறையைத் தேடிப் போயிருக்க மாட்டான்."

முதலாளி எழுந்தார். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இதுவரை நீங்க என்றவர், நீ என்பதற்கு இறங்கினார். இறக்கத்தில் அவருக்கும் பிரேக் பிடிக்கவில்லை.

"இங்க பாரு. உன்னை மதிச்சு உள்ள கூப்பிட்டேன். நாற்காலி போட்டேன். உன் இஷ்டத்துக்கு எடுத்துக்கோன்னேன். தேயாத கட்டை குடுத்தேன், வேண்டாங்கறே. மெத்துனு இருக்கற கட்டை குடுத்தேன், அதுவும் வேண்டாங்கறே. பின்ன எதைப் போட்டாத்தான்யா வண்டி நிக்கும்?"

செங்கோடன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே ஒரு என்ஜின் சத்தமும் இல்லை.

"நிக்குதுங்களே."